தாய்ப் பார்



1344இல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா இறங்கிய 'பத்தாலா' எங்கள் புத்தளம்தான் என்று வருடாவருடம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னால் முத்துகளைத் தரம் பிரித்ததை அவர் எழுதி வைத்தார். சிலாபம் என்ற பெயரே முத்துக்குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்'தான் என்பார்கள். ஆனால் முத்து ஏன் சில வருடம் கொட்டியது, ஏன் பல வருடம் காணாமல் போனது என்று நாங்கள் வகுப்பில் பேசியதில்லை.

இதே கேள்விக்காகத்தான் 1902இல் ஆங்கில அரசு பேராசிரியர் ஹெர்ட்மனை அழைத்தது. குதிரைமலைக்கு வடக்கே, கடல் திடீரென்று ஆழமாகும் விளிம்பில் பெரிய பார் கிடக்கிறது. மார்ச்சில் அது முழுக்கச் சிப்பிக் குஞ்சு. நவம்பரில் வெறும் தரை! இடையில் கச்சான் காற்று அடித்துப் போயிருந்தது. குளிப்பே தராத அந்தப் பாரைக் கரையோர மக்கள் 'தாய்ப் பார்' என்றார்கள். அங்கே காணாமல் போகும் குஞ்சுகள்தான் உள்பார்களுக்கு வருகின்றன என்று நம்பினார்கள். ஹெர்ட்மன் அதை ஏற்கவில்லை. குஞ்சுகளை அள்ளிப் பாதுகாப்பான பார்களில் போடச் சொன்னார்.

எங்கள் பார்வையில் மக்கள் பாதி சரி. ஒட்டிய சிப்பி ஊர் மாறாது. ஆனால் ஒட்டுவதற்கு முன் அது கண்ணுக்குத் தெரியாத குடம்பி. நீர் போகும் வழியே போகும். வாடைக் காலத்தில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் தெற்கால் சுற்றி இந்தப் பக்கம் வந்து, அரபிக் கடலின் உப்புக் கூடிய நீரைச் சந்திக்கிறது. இப்படி இரு நீர் முட்டும் கோட்டில் கனத்த நீர் கீழே இறங்கும். மிதப்பவை மேலே திரளும். நுரை, சருகு, பாசி, குடம்பி எல்லாம் ஒரே வரிசை. கீழிருந்து உரச்சத்து ஏறினால் நுண்பாசி பெருகும். அதைத் தின்னச் சிறுமீன், பின்னால் சூரை. ஸூரத்துர் ரஹ்மானில் இரு கடல்களின் சந்திப்பை அடுத்து முத்தும் பவளமும் வருவதை ஓதியிருக்கிறோம்; அதன் தஃப்ஸீர் உலமாக்களுக்குரியது, வாத்திமாருக்கல்ல.

1905இல் 8 கோடிச் சிப்பிக்கு மேல் எடுத்தார்கள். அதைக் கண்டு மயங்கிய லண்டன் கம்பனி ஒன்று 1906இல் 20 வருடக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பின் பார்கள் வெறுமை. கம்பனியும் கலைந்தது.

கற்பிட்டியில் தொழிலுக்குப் போகிறவர்கள் நிறம் மாறும் அந்தக் கோட்டை இன்றும் பார்த்துத்தான் வலை போடுகிறார்கள். உங்கள் வாப்பாமார் அதற்கு என்ன பெயர் சொன்னார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள், பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லையே சொல்லிக்கொடுக்கிறோம்.