பனிக்காகப் பிறந்த துடைப்பான்

காரின் முன்கண்ணாடியில் உள்ள வைப்பரை நாம் மழையோடு சேர்த்தே எண்ணுகிறோம். அதன் தொடக்ககாலக் காப்புரிமை ஆவணமோ உறைபனியையே முதன்மையாகப் பேசுகிறது.

அலபாமாவில் வாழ்ந்த மேரி ஆண்டர்சன், குளிர்காலத்தில் நியூயார்க் சென்றபோது, பனி படிந்த கண்ணாடியால் டிராம் ஓட்டுநர்கள் படும் துன்பத்தைக் கண்டார். 1903 நவம்பர் 10 அன்று 743,801 என்னும் எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. ஓட்டுநர் உள்ளிருந்தே இயக்கும் கைப்பிடி, வெளியே ரப்பர் பட்டை, கண்ணாடி மீது சீரான அழுத்தம், தேவையற்ற பருவத்தில் கழற்றிவிடும் வசதி ஆகியவை அதன் கூறுகள்.

1905இல் கனடிய நிறுவனம் ஒன்று, இதற்கு வணிக மதிப்பில்லை என்று மறுத்தது. 1920இல் காப்புரிமைக் காலம் முடிந்தது; கார்கள் பெருகி வைப்பர் இன்றியமையாததானது அதன் பின்னரே. அவருக்கு வருவாய் ஏதும் கிட்டவில்லை.

இன்று பனி நாடுகளில் விற்கும் குளிர்கால வைப்பர்களின் சட்டகத்தை ரப்பர் உறை மூடியிருக்கும். இணைப்புகளில் பனி உறைந்தால் பட்டை வளையாது, அழுத்தம் சீர்குலையும். வசந்தத்தில் அவற்றைக் கழற்றிவிடுவர். சீரான அழுத்தம், பருவத்துக்கேற்ற மாற்றம் என்னும் அவ்விரு கொள்கைகளும் 1903ஆம் ஆண்டு ஆவணத்திலேயே உள்ளன. காப்புரிமை ஒருவரின் முன்னுரிமையை நிறுவும். அதற்கான சந்தையை உருவாக்கித் தராது. தொழில்நுட்ப வரலாற்றை விற்பனைக் கணக்கைக் கொண்டு மட்டும் எழுதினால், ஆண்டர்சன் போன்றோர் அதில் இடம்பெறவே மாட்டார்கள்.