காஷ்மீரில் எழுதப்பட்ட கஸாக் வரலாறு

நானுஓயாவில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிற எனக்கு, வருடா வருடம் ஒரு கேள்வி வரும். "நம்ம ஆளுகளுக்குச் சரித்திரம் இருக்கா சேர்? புத்தகத்தில காணோமே." இதற்கு நான் கஸாக் மக்களின் கதையைத்தான் சொல்வேன்.

மேய்ச்சலுக்காக இடம் மாறி வாழ்ந்த கஸாக்குகள் தம் வரலாற்றை நெஞ்சிலே வைத்திருந்தார்கள். ஏழு தலைமுறைப் பாட்டன்மாரின் பெயரைப் பிள்ளை ஒப்புவிக்க வேண்டும். அந்த வம்சவழிக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'ஷெஜிரே'. நமக்குத் தெரிந்த 'ஷஜரா'தான். ஆனால் ஆண்டுக் கணக்கு?

அது கிடைத்தது காஷ்மீரில். பாபரின் சாச்சி மகன் மிர்ஸா ஹைதர் துக்லத் 1540இல் காஷ்மீரைக் கைப்பற்றினார். ஆட்சி செய்துகொண்டே 'தாரீகே ரஷீதி'யைப் பாரசீகத்தில் எழுதினார். 1551இல் வபாத்தானார். அவர் எழுத வந்தது தம் மொகல் கான்களின் கதை. கஸாக்குகள் அதில் ஓரமாகத்தான் வருகிறார்கள். கெரே, ஜானிபெக் இருவரும் அபுல் கைர் கானைப் பிரிந்து வந்ததையும், ஈசன் புகா கான் சூ ஆற்றுப் பக்கம் இடம் கொடுத்ததையும் சொல்லி, கஸாக் சுல்தான்களின் ஆட்சி ஹிஜ்ரி 870இல் (1465-66) தொடங்கியது என்கிறார். ஈசன் புகா அதற்கு முன்பே, 1462 வாக்கில் இறந்துவிட்டதால் இந்த ஆண்டைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. ஆனாலும் அந்தக் கணக்கை வைத்தே கஸாகஸ்தான் 2015இல் கானரசின் 550ஆம் ஆண்டைக் கொண்டாடியது.

அடுத்தவர் எழுத்தில் கிடந்ததைப் பொறுக்கிச் சேர்த்தவர்கள் ஆய்வாளர்கள். பாரசீக, துருக்கிய நூல்களில் கஸாக் கானரசுகள் பற்றி வரும் பகுதிகளை மொழிபெயர்த்து 1969இல் அல்மாட்டியில் ஒரே தொகுப்பாக வெளியிட்டார்கள். அறிஞர் ஃபாராபியின் ஊரான ஒத்ராரைக் கெமால் அகிஷேவ் குழுவினர் தோண்டினார்கள். அல்மாட்டியில் 1934இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இன்று ஃபாராபி பெயரில் இருக்கிறது. அங்கே கற்பித்த எர்முகான் பெக்மகானோவ், ரஷ்யப் பேரரசை எதிர்த்த கெனசாரியைப் பற்றி எழுதியதற்காக 1952இல் 25 வருடத் தண்டனை பெற்றார். ஸ்டாலின் இறந்தபின் 1954இல் விடுதலையாகி, மறுபடியும் வகுப்புக்கே வந்தார். சொந்தச் சரித்திரத்தை எழுத அவர் கொடுத்த விலை அது.

நமக்கும் அடுத்தவர் எழுத்தில் இடம் உண்டு. யூரல் ஆற்றங்கரைச் சராய்ச்சிக்கைக் கடந்துபோன அதே இப்னு பதூதா, சுமார் பத்து வருடம் கழித்து, 1344இல் பாவா ஆதம் மலை ஏறினார். காலிக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பேசுகிறது. ஆனால் 1885இல் நானுஓயாவுக்கு ரயில் வந்தபின் இந்த மலையில் கடை போட்ட நம் குடும்பங்களை எந்த இப்னு பதூதாவும் எழுதவில்லை. அவர்களுக்குச் சாட்சி கடைக் கணக்குக் கொப்பி, தோட்டத்துச் செக்ரோல், நிக்காஹ் பதிவு, மையவாடிக் கல் இவைதான். இந்த ஊர் ஈரத்தில் தாள் ஒட்டிப்போகும். கல்லில் பாசி ஏறி எழுத்து மறையும்.

அதனால் என் மாணவர்களுக்கு இப்போது ஒரு வேலை வைத்திருக்கிறேன். வீட்டுப் பெரியவரிடம் ஏழு தலைமுறை கேட்க வேண்டும். தெரிந்தவரை எழுத வேண்டும். பெரும்பாலும் மூன்றோடு நின்றுவிடுகிறது. மூன்றானாலும் ஆண்டு, ஊர், தொழில் போட்டு எழுதச் சொல்கிறேன். நாளை பல்கலைக்கழகத்தில் ஆராய வரும் பிள்ளைக்கு அந்தத் தாள் தேவைப்படும்.