ஃபெட்டா பெயர் வழக்கு

ஃபெட்டா என்பது கிரேக்க நாட்டில் செம்மறியாட்டுப் பாலில் செய்து உப்புநீரில் பதப்படுத்தப்படும் பாலாடைக்கட்டி ஆகும். வெள்ளாட்டுப் பால் 30 விழுக்காடு வரை சேர்க்கலாம். டென்மார்க்கில் பசும்பாலில் செய்ததும் இப்பெயரிலேயே விற்கப்பட்டது.

உணவுப்பொருள்களின் புவிசார் பெயர்களைக் காக்க 1992 இல் ஐரோப்பிய அளவில் சட்டம் வந்தது. அதன்படி 1996 இல் ஃபெட்டா பதிவு பெற்றது. இது பொதுப்பெயரே என டென்மார்க், ஜெர்மனி, பிரான்ஸ் ஆகியவை வழக்குத் தொடுத்தன. பிற நாடுகளின் நிலை போதிய அளவு ஆராயப்படவில்லை எனக் கூறி, 1999 இல் ஐரோப்பிய நீதிமன்றம் பதிவை நீக்கியது.

2002 இல் மீண்டும் பதிவு செய்யப்பட்டது. 2005 இல் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பிற நாட்டு உற்பத்தியாளர்களே தம் சிப்பங்களில் கிரேக்கப் பண்பாட்டை நினைவூட்டும் அடையாளங்களைப் பயன்படுத்தியது கிரேக்கத்துக்குச் சாதகமான சான்றானது. அதன்பின் ஐரோப்பிய ஒன்றியத்தில் கிரேக்க ஃபெட்டா மட்டுமே அப்பெயரைத் தாங்குகிறது.