நாண்மீனும் திருநாளும்



திருநாள் என்னும் சொல்லில் உள்ள 'நாள்' யாது என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். பழந்தமிழில் நாள் என்பது பொழுது புலர்ந்து மறையும் கால அளவை மட்டும் குறித்ததன்று. திங்கள் அன்றிரவு எந்த மீனோடு தங்குகிறதோ அந்த மீனுக்கும் நாள் என்பதே பெயர். அசுவினி முதல் இரேவதி ஈறாகிய 27 மீன்களும் அதனாலேயே நாண்மீன் எனப்பெற்றன; வெள்ளி, வியாழம் போல் இடம் பெயர்வன கோண்மீன் எனப்பெற்றன. ஆதிரை நாள், பூச நாள், உத்திர நாள் என்று நாம் வாயாரச் சொல்லும்போதெல்லாம் வானத்தில் ஓர் இடத்தைச் சுட்டுகிறோம்.

மார்கழித் திருவாதிரையன்று கூத்தப்பெருமானைத் தொழுது, களியும் உண்டு மகிழ்கின்ற நம்முள், அந்த ஆதிரை மீனை அண்ணாந்து பார்த்தவர் எத்தனை பேர்? நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பார்ப்போம்; வானத்தைப் பாரோம். கேட்டால், எம்மிடம் தொலைநோக்கி இல்லையே என்பார் உளர். தொலைநோக்கி ஐரோப்பாவில் தோன்றியது 1608-ஆம் ஆண்டில். நம் திருநாள்கள் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியவை. அவற்றை வகுத்த முன்னோரிடம் இருந்தவை இரண்டு கண்களே.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருமயிலையில் பூம்பாவையை எழுப்பப் பாடியருளிய பதிகத்தில் கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று திருநாள்கள் மாத முறையில் வருதலை யாவரும் அறிவீர்கள். இவ்வடைவில் ஒரு வானியல் உண்மை பொதிந்துள்ளது. ஒரு முழுமதி நாளுக்கும் அடுத்த முழுமதி நாளுக்கும் இடையே திங்கள் நிற்கும் இடம் இரண்டு அல்லது மூன்று மீன்கள் கிழக்கே தள்ளிப் போகிறது. கார்த்திகை மூன்றாவது மீன், ஆதிரை ஆறாவது, பூசம் எட்டாவது, மகம் பத்தாவது, உத்திரம் பன்னிரண்டாவது. மாதந்தோறும் முழுமதியின் அருகே நின்ற மீனைக் கண்ணாற் கண்டு வைத்த பெயர்களே இவை.

இவ்வழக்கம் அதனினும் பழையது. புறநானூற்றின் 229-ஆம் பாடலில் கூடலூர் கிழார், பங்குனி மாதத்து நள்ளிரவில் எந்தெந்த நாண்மீன் வானில் எவ்வெவ்விடத்தில் நின்றது என்று குறித்து, அப்போது ஒரு மீன் விழக் கண்டதையும், ஏழாம் நாள் தம் அரசன் மறைந்ததையும் பாடியுள்ளார். மீன் வீழ்ந்தமையால் மன்னன் மாய்ந்தான் என்பதை இன்று நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும் நள்ளிரவில் வானத்தை அத்துணை நுணுக்கமாகப் படிக்க வல்ல ஒரு புலவர் இருந்தார் என்பது மெய். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பலவோ கிழமையும் திதியும் நாளும் சேர்த்தே எழுதப்பெற்றன. இராசராசன் பிறந்த சதயமும், இராசேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரையும் கல்லிலேயே உள்ளன. இக்குறிப்புகளைக் கொண்டு கணக்கிட்டு, மன்னர்தம் ஆண்டுகளை அறுதியிட உதவும் பெருநூலை எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922-இல் வெளியிட்டார். கல்லில் ஒரு மீனின் பெயர் இருந்தமையால் வரலாற்றுக்கு ஆண்டு கிடைத்தது.

இனி நம் திருச்சிராப்பள்ளிக்கும் திருவரங்கத்துக்கும் வருவோம். பங்குனி ஆயிலியத்தன்று அரங்கநகர்ப் பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளிக் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டருள்கிறார். மூன்றாம் நாள் பங்குனி உத்திரத்தன்று திருவரங்கத்தில் தாயாரோடு சேர்த்தி. இடையில் மூன்று நாள் என்பது யாரோ அமைத்த வசதி என்று நினைத்தல் கூடாது. ஆயிலியம், மகம், பூரம், உத்திரம் என்று திங்கள் இரவுக்கொரு மீனாக நடந்து போகும் நடையே அது. வைணவ விழாவைச் சைவ மேடையில் பேசுவானேன் என்று எவரும் கருதற்க. வானம் இருவர்க்கும் பொது.

அந்த நான்கு இரவுகளும் வானம் பார்க்கப் பழகுவோர்க்கு நல்ல பள்ளிக்கூடம். ஆயிலியம் மங்கலான சிறு மீன் கூட்டம். நிலவொளியில் அது புலப்படாமற் போகலாம், கவலையில்லை. அன்றிரவு திங்களுக்குக் கிழக்கே பளிச்சென்று ஒரு மீன் நிற்கும், அதுவே மகம். மறுநாள் திங்கள் அதன் அருகே வந்துவிடும். அதற்கு மறுநாள் அதைத் தாண்டிவிடும். உத்திரத்தன்று அந்தியில் முழுமதி கிழக்கே எழும்போது, அதற்கு வடக்கே, அதாவது கிழக்கு நோக்கி நிற்பவர்க்கு இடப்புறம், ஏறத்தாழ ஒரு முட்டி தள்ளி உத்திர மீனைக் காணலாம். முட்டி என்றது ஏன் எனில், முழங்கை மடங்காமல் நீட்டிய கையின் முட்டி வானத்தில் பத்துப் பாகை அளவை மறைக்கும். விரித்த சாண் இருபது பாகை. சுண்டுவிரல் ஒரு பாகை. இதனினும் மலிவான கருவி எங்கும் விற்பதில்லை. ஒரு நாண்மீனுக்குரிய பங்கு பதின்மூன்றே கால் பாகைக்குச் சற்று மிகுதி, அதாவது ஒரு முட்டியும் மூன்றில் ஒரு பங்கும். திங்கள் ஒரு நாளில் நகர்வதும் ஏறத்தாழ அவ்வளவே.

ஆனித் திங்களில் பெருமாளுக்கு நடைபெறும் ஜேஷ்டாபிடேகம் கேட்டை நாளில் அமைவது. கேட்டை செந்நிற மீன், எளிதில் தவறாது. ஆனால் எல்லா நாளும் கண்ணுக்கு எளியன அல்ல. சித்திரைத் தேர் இரேவதியில் ஓடுகிறது. அப்போது திங்கள் கதிரவனை நெருங்கித் தேய்ந்திருக்கும். விடியலில் கீற்றாகத் தெரிந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. தைப்பூசத்து மீனும் அத்தகையதே. முழுமதியின் ஒளியில் அது கரைந்து போகும்.

மலைக்கோட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 83 மீட்டர் உயரமுடைய அக்குன்றின் மேல் நின்று வடக்கே நோக்கினால், இடப்புறம் திருவரங்கத்துக் கோபுரங்கள். சற்று வலப்புறம் திருவானைக்காவின் கோபுரங்கள். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில், அடிவானிலிருந்து ஒரு முட்டி உயரத்துக்குச் சற்று மேலே நிற்பது துருவ மீன். இவ்வூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருத்தலின் துருவனும் 11 பாகை உயரமே. இதையே திருப்பிச் செய்யலாம். தை, மாசி மாதங்களில் இரவு ஒன்பது மணியளவில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் தெற்கு நோக்கி நின்றால், ஆற்றுக்கு அப்பால் மலைக்கோட்டை; அதற்கு மேலே, சாண் உயரத்துக்கும் சற்று மேலாக அகத்திய மீன் வெண்ணிறமாய் ஒளிரும். தென்திசை சென்ற முனிவர் பெயரைத் தென்வானத்தின் பேரொளி மீனுக்கு இட்டவர்கள் திசையறியாதவர்களா?

அருந்ததி காட்டும் சடங்கையும் நினைத்துக்கொள்ளலாம். முற்பகலில், மின்விசிறி சுழலும் மண்டபக் கூரையைச் சுட்டிக்காட்டி "பார்த்தாயா" என்பதும், மணமகள் "பார்த்தேன்" என்பதும் இன்று நடப்பது. ஏழு முனிவர் மீன்களில் வசிட்டரை ஒட்டி நிற்கும் அச்சிறு மீன், கண்ணொளியைச் சோதிக்கவும் உதவுவது. மணமக்களை அன்றிரவேனும் மாடிக்கு அழைத்துப் போகலாம் அன்றோ!

இவ்வளவும் சுவைக்காகச் சொன்னவை மட்டும் அல்ல. வானத்தைப் பாராமையால் வந்த வழக்கு ஒன்று நம்மிடையே நடந்துகொண்டிருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதப் பஞ்சாங்கமா என்பதே அது.

வாக்கியம் என்பது எளிய பொருள் அன்று. திங்கள் தன் ஓட்டத்தின் விரைவும் தளர்வும் ஒன்பது முறை மாறி மீள்வதற்கு 248 நாள் ஆகின்றது. அந்த 248 நாளுக்கும் திங்களின் இடத்தைக் கணித்து, எண்களை எழுத்துகளாக்கி, 248 சிறு வாக்கியங்களாக்கி மனப்பாடம் செய்தார்கள். வரருசியின் பெயரால் வழங்கும் அவ்வாக்கியங்களை வல்லவர் ஓதி, சோழிகளைத் தரையில் பரப்பிக் கூட்டிக் கழித்துக் கிரகணம் சொன்னார்கள். இம்முறையை விளக்கும் 'வாக்கியகரணம்' என்னும் நூல் 1300-ஐ ஒட்டித் தென்னாட்டில் எழுந்தது. சென்னையில் 1962-இல் அச்சேறியது.

இதன் பெருமையை அயலார் வாயிலாகவும் அறியலாம். லெ ழாந்தில் என்னும் பிரெஞ்சு வானியலார், வெள்ளி கதிரவனைக் கடக்கும் அரிய காட்சியைக் காணப் புறப்பட்டு, 1761-இல் போர் காரணமாகக் கரையேற முடியாமல் நடுக்கடலில் நின்றார். எட்டாண்டு காத்திருந்து 1769 சூனில் புதுச்சேரியில் தொலைநோக்கியோடு அமர்ந்தார், மேகம் மூடிக்கொண்டது. வந்ததற்குப் பயனாக, அங்கிருந்த தமிழரிடம் சோழிக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணக்கால் கண்டபோது 41 விநாடியே பிழை. அந்நாளில் ஐரோப்பாவில் போற்றப்பெற்ற மேயரின் அட்டவணையால் கண்டபோது 68 விநாடி பிழை. அறுபது ஆண்டு கழித்து, 1825-இல், வாரன் என்பவர் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைக் கொண்டு அவ்வாண்டு மே இறுதியில் வந்த கிரகணத்தைக் கணிக்கச் செய்து, தம் 'காலசங்கலித' நூலில் பதிந்தார். இம்முறை தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை.

இரண்டையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மை. முன்னதை மட்டும் மேடையில் முழங்குவார் பலர். பழைய வாய்பாடு சில வேளை வியக்க வைக்கும். சில வேளை நழுவும். வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாத கணக்கு நாளடைவில் விலகியே தீரும். இதை நம்மவர் அறியாதவர் அல்லர். பாரதப்புழை கடலோடு கலக்கும் இடத்தருகே வாழ்ந்த வடச்சேரிப் பரமேசுவரர் 55 ஆண்டுகள் கிரகணங்களை வெறுங்கண்ணால் நோக்கி, பழைய கணக்கு பொருந்தாமை கண்டு, 1431-இல் 'திருக்கணிதம்' என்னும் பெயராலேயே புதுநூல் செய்தார். அவர் மரபில் வந்த நீலகண்ட சோமயாசிக்கு, வாக்கியகரணத்துக்கு உரை கண்ட தமிழ்நாட்டுச் சுந்தரராசர் ஐயங்களை எழுதி விடுத்து விடையும் பெற்றார். பின்னர்ச் சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார் திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார்.

இன்றைய நிலை யாது? 2020-இல் திருக்கணிதப்படி சனவரி 24 அன்றே சனி மகரம் புகுந்தது. திருநள்ளாற்றில் வாக்கியப்படி பெயர்ச்சி விழா நடந்தது திசம்பர் 27 அன்று. பதினொரு மாத இடைவெளி! திருக்கணிதப்படி அந்தத் திசம்பரில் சனி மகரத்துள் ஏறத்தாழ ஏழு பாகை கடந்திருந்தது. நீட்டிய கையில் நான்கு விரல் அகலம். இராசியின் எல்லைக்கோடு வானில் வரையப்படவில்லை ஆதலின் பெயர்ச்சி நொடியைக் கண்ணால் காண முடியாது. ஆனால் மாதக்கணக்கில் நோக்கினால் சனி எம்மீனை விட்டு எம்மீனை நெருங்குகிறது என்பது தெரியும். அதே திசம்பர் 21-ஆம் நாள் அந்தியில் குருவும் சனியும் மேற்கே ஒன்றையொன்று தொடுவதுபோல், பத்தில் ஒரு பாகை இடைவெளியில் நின்றன. அதைக் கண்டவர்க்குப் பஞ்சாங்கம் தேவைப்படவில்லை.

திருக்கோயில் எம்முறையைக் கைக்கொள்கிறதோ அம்முறைப்படி விழாக் காண்பது மரபு. அதில் நாம் குறுக்கிடோம். ஆயினும், வாக்கியம் முன்னோர் வாக்கு, ஆதலின் திருத்தலாகாது என்பாரை நாம் ஒப்புவதில்லை. திருத்தியவர்களும் முன்னோரே.

மீண்டும் ஆதிரைக்கு வருவோம். 2019 அக்டோபர் முதல் அச்செம்மீன் மெல்ல மங்கத் தொடங்கியது. 2020 சனவரி 10-ஆம் நாள் மார்கழித் திருவாதிரை வந்தபோது அது தன் வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழே இருந்தது. பிப்ரவரி நடுவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்து, ஏப்ரல் அளவில் மீண்டது. அம்மீன் உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசுப் படலமாகித் தன்னையே மறைத்தது என்று 2021-இல் வானியலார் விளக்கம் தந்தனர். ஆதிரை 500 முதல் 700 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஆகவே நாம் கண்ட அந்த மங்கல் மெய்யாக நிகழ்ந்தது, ஏறத்தாழப் பரமேசுவரர் கிரகணம் நோக்கிய காலத்தை ஒட்டி. ஆதிரையை ஆண்டுதோறும் கொண்டாடும் நம்மில் மிகப் பலர், அவ்வாண்டு அது மங்கியதைச் செய்தித்தாளில் படித்தே அறிந்தோம்.

காண விரும்புவோர்க்குச் சில சொற்கள். திருவாதிரையன்று விடியற்காலைத் தரிசனத்துக்கு நாம் வரும் வேளையில் அம்மீன் மேற்கே சாய்ந்திருக்கும். ஆதலின் முந்தைய இரவே பார்த்துவிடுதல் நன்று. மார்கழியில் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே, ஒரே வரிசையில் மூன்று மீன்கள் நிற்கும். அவற்றுக்கு இடப்புறம் செந்நிறமாய் இருப்பது ஆதிரை. அவற்றுக்கு மேலே உச்சியை நோக்கிப் போனால் இன்னொரு செம்மீன், உரோகிணி. கோபுர விளக்குகளும் தெருவிளக்குகளும் கண்ணைக் கூசச் செய்யாத இடமாக, காவிரி மணலையோ வீட்டு மாடியையோ தேர்ந்து, கால் நாழிகை இருளில் கண்ணைப் பழக்க வேண்டும். கதிரவனை மட்டும் எந்நாளும் வெறுங்கண்ணால் நோக்கற்க. 2019 திசம்பர் 26-இல் இவ்வூரில் கங்கண கிரகணம் தெரிந்தபோதும் தக்க காப்புக் கண்ணாடி கொண்டே காண வேண்டியதாயிற்று. ஆதிரைக்கு அவ்வச்சம் இல்லை. வாரம் ஒருமுறை, உரோகிணியினும் ஆதிரை ஒளி மிகுந்துள்ளதா, குறைந்துள்ளதா என்று பார்த்துத் தேதியிட்டு ஒரு தாளில் குறித்து வரலாம். அந்தத் தாளைப் பஞ்சாங்கத்துக்குள்ளேயே வைத்துக்கொள்க.