அப்பாயியின் அப்பா எங்கே புதைக்கப்பட்டார்?

ஆச்சு, கொல்கத்தா வந்து ஒன்பது வருஷம். திருச்சிக்காரனான எனக்கு இங்கே இன்னும் பழகாதவை இரண்டு: கடுகெண்ணெய், அப்புறம் ஊரில் இல்லாத நவம்பர் 2. கடுகெண்ணெயை விடுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஊரில் முதல் நாளே கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மறுநாள் சாயந்திரம் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் குடும்பமே கிளம்பிப் போகும். எல்லாக் கல்லறையிலும் ஏற்றி முடித்த பிறகு எங்கள் அப்பாயி ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் தோட்டத்து நடுவில் நிற்கும் பெரிய சிலுவையடியில் வைப்பார். "இது எங்கப்பாவுக்கு."

அவர் அப்பா பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் வேலைக்குப் போனவர். 1938ல் அங்கேயே இறந்துவிட்டார். அப்பாயிக்கு அப்போது நாலு வயசு. சேதிதான் வந்தது. எங்கே புதைத்தார்கள் என்று கேட்டுவர ஆளில்லை.

அந்த ரயில்வேயின் தலைமை அலுவலகம் இங்கே கார்டன் ரீச்சில்தான் இருந்தது. பெரிய பணிமனை ஹௌராவிலிருந்து சுமார் 115 கிலோமீட்டரில் இருக்கும் கரக்பூரில். ரயிலேறினால் இரண்டு, இரண்டரை மணி நேரம். ஒன்பது வருஷமாக இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நான் ஒன்றும் செய்யவில்லை. என்னைக் கிளப்பிவிட ஒரு வெள்ளைக்காரர் வேண்டியிருந்தது :-)

எங்கள் ப்ராஜெக்டில் இருக்கும் இங்கிலாந்துக்காரர் ஒருவர் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவருடைய முன்னோர் ஒருவர் கல்கத்தாவில் 'நார்த் பார்க் ஸ்ட்ரீட்' கல்லறையில் இருக்கிறாராம், ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? கூடவே ஒரு நகல். பெயர், வயது, இறந்த தேதி, அடக்கம் செய்த தேதி, பாதிரியாரின் பெயர், எல்லாம் இருந்தது.

சனிக்கிழமை போனேன். தெற்குப் பார்க் தெருக் கல்லறை எல்லாருக்கும் தெரியும். 1767ல் திறந்தது. கோபுரம் மாதிரியும் மண்டபம் மாதிரியும் நிற்கும் சமாதிகள், நடுவில் பாசி பிடித்த நடைபாதை. ஆசியாட்டிக் சொசைட்டியை ஆரம்பித்த வில்லியம் ஜோன்ஸ் (1794) அங்கேதான் இருக்கிறார், கவிஞர் டெரோசியோவும் (1831) அங்கேதான். ஆனால் வடக்குக் கல்லறையைக் காணோம். விசாரித்தால், 1950களிலேயே அதை இடித்துவிட்டார்களாம். அந்த இடத்தில் இப்போது பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. நாவலாசிரியர் தாக்கரேயின் அப்பா ரிச்மண்ட் தாக்கரேயைக்கூட 1815ல் அங்கேதான் புதைத்தார்கள். அவர் கல்லறைக்கும் அதே கதிதான்.

போட்டோவுக்கு வழியில்லை என்று எழுதினேன். அவர் பெரிதாக வருத்தப்படவில்லை. "பதிவேடு இருக்கிறதே" என்றார்.

கல்லறையே போன பிறகும் பதிவேடு எப்படி இருக்கிறது? கம்பெனிக் காலத்திலிருந்தே வங்காளம், மெட்ராஸ், பம்பாய் மூன்று மாகாணங்களிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பிவிடுவார்கள். அவை இப்போது பிரிட்டிஷ் லைப்ரரி சேகரிப்பில் இருக்கின்றன. இது போதாதென்று கல்லில் இருந்த வாசகங்களையும் புத்தகமாகவே போட்டார்கள். 1848ல் 'பெங்கால் ஒபிச்சுவரி'. 1905ல் மெட்ராஸ் மாகாணத்துக்கு ஜே.ஜே. காட்டன் தொகுத்த பட்டியல்.

கல்லை நம்ப முடியாது என்பதற்கு நம்ம மெட்ராஸே சாட்சி. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் அடியில் யாரும் இல்லை! பழைய கல்லறைத் தோட்டம் கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி கட்டிய இடத்தில் இருந்தது. 1758-59ல் லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது பிரெஞ்சுப் படை அந்தச் சமாதிகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டு சுட்டது. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர்கள் சமாதிகளை இடித்துக் கற்களை மட்டும் கோட்டைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். உடல்கள் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன.

இங்கேயும் அப்படி ஒன்று உண்டு. சார்லஸ் டிக்கன்ஸின் மகன் வால்டர் 1863 டிசம்பர் 31 அன்று, 22 வயதில், கல்கத்தாவில் இறந்தார். புதைத்தது பவானிபூரில். கல்லை மட்டும் 1987ல் பார்க் தெருவுக்கு மாற்றினார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் தேட வேண்டியது கல்லறையை இல்லை, பதிவேட்டை.

லண்டன் நகல்களால் எனக்குப் பிரயோஜனம் குறைவு. அவற்றில் பெரும்பாலும் ஐரோப்பியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும்தான். ஆனால் கத்தோலிக்கக் கோயில் ஒவ்வொன்றிலும் மரணப் பதிவேடு இருக்கும். ஊருக்குப் போனபோது அப்பாயியின் ட்ரங்க் பெட்டியைக் குடைந்தேன். ரயில்வேயிலிருந்து பிராவிடண்ட் ஃபண்ட் பணம் பற்றி வந்த ஆங்கிலக் கடிதம் ஒன்று கிடைத்தது. மடிப்பெல்லாம் கிழிந்திருந்தாலும் இறந்த தேதியும் 'கரக்பூர்' என்ற பெயரும் தெளிவாக இருந்தன.

கரக்பூர் கோயிலில் பங்குச்சாமியார் பொறுமையாக 1938ஆம் வருஷத்துப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். பெயர் இல்லை. இரண்டு முறை பார்த்தேன், இல்லை. மூன்றாவது முறை தேதியை வைத்துத் தேடினேன். இருந்தது!

குழப்பம் பெயரில்தான். வங்காளத்து மிஷன் அப்போது பெல்ஜியம் நாட்டு சேசு சபைக் குருக்களிடம் இருந்தது. அவர்கள் எழுதியது லத்தீனில். நம் ஊர் ராயப்பன் அவர்களுக்கு பீட்டர், சின்னப்பன் பவுல், அருளப்பன் ஜான், சூசை ஜோசப். எங்கள் பூட்டனார் பெயரும் இந்தப் பட்டியலில் ஒன்றுதான். எது என்று சொல்லவில்லை, அதே பெயரில் ஒரு பெரியப்பா இருக்கிறார். பதிவேட்டில் வயதுகூட நாலு வருஷம் கூடுதலாக இருந்தது. ஆனால் தேதியும் ரயில்வே வேலையும் மதராஸ் மாகாணம் என்பதும் பொருந்தின.

குழி எது? அது எழுதப்படவில்லை. பணம் கட்டி வாங்காத குழியில் சில வருஷம் கழித்து அடுத்தவரைப் புதைப்பதுதான் பல ஊர்களில் வழக்கம். அவர் குழிக்கு மேல் இன்னும் எத்தனை பேரோ.

அன்று ராத்திரி அப்பாயிக்கு போன் போட்டேன். இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டார், காது மந்தம், கத்திப் பேச வேண்டும். கல்லறை எந்தப் பக்கம் என்று கேட்பார், என்ன சொல்வது என்று நான் தயாராகிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

"தம்பி, எங்கப்பாவுக்கு அவஸ்தை பூசினாங்களாமா?"

சாகும் முன் குரு வந்து எண்ணெய் பூசி மந்திரிக்கும் சடங்கு அது. பாஷை தெரியாத ஊரில் சாமியார்கூட வராமல் அநாதையாகச் செத்தாரோ என்பதுதான் இத்தனை வருஷமும் அவர் மனசில் கிடந்திருக்கிறது. எங்களிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நல்லவேளை, பதிவேட்டில் அதற்கென்று தனியாக ஒரு கட்டம் இருந்தது. பாவசங்கீர்த்தனம், அவஸ்தை, இரண்டும் கொடுத்ததாக எழுதி, கொடுத்த குருவின் கையெழுத்தும் இருந்தது. கல்லில் யாராவது இதைப் பொறிப்பார்களா?

"பூசியிருக்காங்க அப்பாயி" என்று கத்தினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு போனை என் அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தேடல் இருந்தால் இரண்டு விஷயம். பெயரை நம்பாதீர்கள், தேதியைப் பிடியுங்கள். பழைய பெட்டியில் இருக்கும் கடிதத்தையும் மணியார்டர் ரசீதையும் குப்பை என்று போட்டுவிடாதீர்கள்.

இந்த நவம்பர் 2க்கு கரக்பூர் போகிறேன். அங்கேயும் நடுவில் ஒரு பெரிய சிலுவை இருக்கிறது.