சூதும் மருந்தும்

சிராங்கூன் சாலையை அடுத்துச் செல்லும் ரேஸ் கோர்ஸ் சாலை, தன் பெயரிலேயே ஒரு வரலாற்றைத் தாங்கி நிற்கிறது. 1842இல் தோன்றிய பந்தய மன்றம், 1843இல் அருகிலுள்ள ஃபேரர் பார்க் திடலில் முதற் குதிரைப் பந்தயத்தை நடத்தியது. 1933இல் பந்தயம் புக்கித் தீமாவுக்கும், பின்னர்க் கிராஞ்சிக்கும் பெயர்ந்தது. 2024 அக்டோபர் 5ஆம் நாள் இறுதி ஓட்டமும் நிகழ்ந்து முடிந்தது. திடல் மறைந்தது, சூதின் வேட்கை மறைந்ததா?

அவ்வேட்கையை ஆள்வோர் நோக்கிய முறை காலந்தோறும் மாறிற்று. 1820இல் ஃபார்க்குவார் சூதாட்டக் கூடங்களைக் குத்தகைக்கு விட்டு வருவாய் திரட்டினார். 1823இல் ராஃபிள்ஸ் தடை விதித்தார். அவர் சென்றபின் கிராஃபர்டு குத்தகையை மீட்டார். 1829இல் அது மீண்டும் ஒழிந்தது. வருவாய் என்றும் குற்றம் என்றும் மாறிமாறிக் கண்டனரேயன்றி, ஆடுவோன் உள்ளத்தை அச்சட்டங்கள் ஆராய்ந்தில.

அதனை ஆராய்ந்தது மருத்துவம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் கட்டுக்கடங்காச் சூதாட்டத்தை மனநலக் கோளாறுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 2013இல் அதனை மது முதலியவற்றுக்கு அடிமையாதலோடு ஒரே இயலில் வைத்தது. பணயத்தைக் கூட்டினாலன்றி நிறைவுறாமை, நிறுத்த முயன்று தோற்றல், இழந்ததை மீட்க மீண்டும் ஆடுதல், வீட்டாரிடம் பொய்யுரைத்தல் ஆகியன அதன் அறிகுறிகளுட் சில.

தமிழ் பயில்வார்க்கு இவ்வைப்புமுறை புதிதன்று. பரிமேலழகர் உரைவழி இன்று வழங்கும் திருக்குறளில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே 94ஆம் அதிகாரமாக நிற்பது சூது. வள்ளுவர் அதனை நோய் என்று கூறினாரல்லர். எனினும், இழக்குந்தோறும் சூதின்மேற் காதல் பெருகும் என்று அவர் கண்டது, மருத்துவர் இன்று காணும் அறிகுறியேயாகும்.

2005இல் சூதாட்டக் கூடங்களுக்கு இசைவளிக்க முடிவு செய்த சிங்கப்பூர் அரசு, அவ்வாண்டே சூதாட்டச் சிக்கலை எதிர்கொள்ளத் தேசிய மன்றம் ஒன்றையும் அமைத்தது. கூடங்கள் 2010இல் திறக்கப்பட்டன. அவற்றுள் நுழையாதவாறு தன்னைத் தானே விலக்கிக்கொள்ளவும், குடும்பத்தார் வேண்டி விலக்காணை பெறவும் இன்று வழியுண்டு. மனநலக் கழகத்தில் மருத்துவமும் உண்டு.

ஆயினும், மானம் கருதிக் கடனை மறைக்கும் இல்லத்தை அவ்வுதவி எட்டுவது அரிது. நோய் என்றறிதல் பிழையைப் பொறுப்பதாகாது; மருந்துக்குக் கதவு திறப்பதாகும். சூது அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், அடுத்த அதிகாரத்தின் பெயரையும் மாணவர்க்குச் சுட்டுவாராக.