பதிவேட்டில் தந்தை: ஊவாத் தோட்டங்களும் விவாகச் சட்டமும்

ஒன்பது சிகரம் எனப் பொருள்படும் பெயர் பூண்ட நமுனுகுல மலை, பதுளைக்குத் தென்கிழக்கே 6,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. அதன் சரிவுகளிலுள்ள தோட்டங்களில் விவாகம் என்பது நெடுங்காலம் கோயில் முன்றிலில் தாலி கட்டுவதோடு நிறைவெய்தியது. உறவின்முறையாரும் கங்காணியுமே சாட்சிகள். பதிவாளரிடம் சென்று கையொப்பமிடுதல் வேண்டுமென்று லயத்து மக்கள் பலர் கருதினாரல்லர். பிள்ளை வளர்ந்து, பத்திரம் காட்டுக என்று ஓர் அலுவலகம் கேட்ட அன்றே, இவனுக்குச் சட்டப்படி தந்தை யார் என்னும் வினா எழுந்தது.

ஊவா, கண்டி இராச்சியத்தின் பகுதியாயிருந்த நாடு. எனினும் கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவர்க்கே உரியது. தேசவழமையோ வடபகுதித் தமிழர்க்குரியது. தோட்டத் தமிழர்க்கு எஞ்சியவை 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டமும், அதன் பின்னணியில் நின்ற உரோமன் டச்சுச் சட்டமுமேயாம். ஒல்லாந்தர் ஊவாவை ஒருபோதும் ஆண்டாரல்லர். அவர்தம் சட்டம் மட்டும் ஆங்கிலேயரின் கைப்பிடித்து மலையேறி வந்தது!

விவாகமின்றிப் பிறந்த பிள்ளை அச்சட்டப்படி தாயின் பிள்ளை. காவலுரிமை தாய்க்கே உண்டு; தந்தைக்கு இல்லை. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், அப்பிள்ளை தாயின் சொத்துக்கு உரித்தாளியாகும், தந்தையின் சொத்துக்கு ஆகாது என விதித்தது. ஆயினும் பராமரிக்கும் கடமை தந்தையை விட்டு நீங்கவில்லை. 1889ஆம் ஆண்டின் பராமரிப்புக் கட்டளைச்சட்டத்தின்கீழ்த் தாய் நீதவானிடம் விண்ணப்பிக்க இயன்றது. அவள் சாட்சியம் பிறிதொரு சான்றால் உறுதிபெறல் வேண்டியிருந்தது. தந்தை அக்காலத்துள் பணம் கொடுத்து ஆதரித்திருந்தாலன்றி, பிள்ளை பிறந்து பன்னிரண்டு மாதத்துள் விண்ணப்பித்தலும் வேண்டியிருந்தது. ஆகவே தந்தையானவன் கொடுக்கக் கடமைப்பட்டவன், கேட்க உரிமையற்றவன்.

பிறப்புப் பதிவிலும் இதே நிலை. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி, விவாகமாகாதவன் தானே சென்று தன் பெயரைத் தந்தையெனப் பதிவிக்க இயலாது. தாயும் அவனும் கூடிக் கேட்டுக் கையொப்பமிடல் வேண்டும். அன்றேல் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும்.

வழிகள் அடைபட்டிருந்தன என்று கூறுதல் தவறு. பெற்றோர் பின்னர்ச் சட்டப்படி மணம் புரிந்தால், பிறர்மனைத் தொடர்பால் பிறவாத முன்னைப் பிள்ளைகள் முறையான பிள்ளைகளாவர். மேலும், பதிவின்மை ஒன்றே விவாகத்தை இல்லாததாக்காது. ஆணும் பெண்ணும் கணவன் மனைவியராய் ஊரறிய வாழ்ந்தால், மாறான சான்று தெளிவாக இல்லாதவரை, முறையான விவாகத்தின் வழியே வாழ்ந்தனர் என நீதிமன்றம் ஊகிக்கும் என்பது, இலங்கைத் தமிழர் வழக்கொன்றில் 1881இல் இலண்டன் கோமறைக் கழகம் உறுதிசெய்த கொள்கை. அவ்வாறு நிலைநாட்ட விரும்புவோர் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டுத் தம் நிலையை வெளிப்படுத்தும் தீர்ப்பைக் கோரலாம். ஆனால் கொழுந்து பறித்து நாட்கூலி பெறுவோர்க்குப் பதுளைக்கு ஒரு தவணை சென்று வருவதே ஒருநாட் பேர் இழப்பதாகும். சட்டத்தரணியின் கூலி வேறு.

இக்குறை 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் பெருங்கேடாயிற்று. அச்சட்டம் வம்சாவழிப் பிரசாவுரிமையைத் தந்தைவழியே வைத்தது. விவாகத்துக்குப் புறம்பாய்ப் பிறந்தோர்க்குத் தந்தை என்னுமிடத்தில் தாயைக் கொள்ளச் செய்தது. பதிவால் பிரசையான ஒருவன், தன் விவாகத்தை மெய்ப்பிக்க முடியாவிடின், அதன்பின் பிறந்த மகனுக்கு அவ்வுரிமையைக் கையளிக்க இயலாதிருந்தது. தாய் பிரசையாகவும் தந்தை பிரசையல்லாதவனாகவும் இருந்த இடத்திலோ, முறைப்படி மணந்தோரின் பிள்ளைக்குக் கிட்டாத உரிமை மணவாதோரின் பிள்ளைக்குக் கிட்டியது. இவ்விசித்திரத்தை வகுத்தோர் எண்ணிப் பார்த்தனரோ என ஐயுற வேண்டியுள்ளது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும் மணமானவர்க்கு ஏழாண்டு, மணமாகாதவர்க்குப் பத்தாண்டு இடையறா வதிவைக் கேட்டது. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர்க்கு அதன்கீழ் விண்ணப்பிக்கப்பட்டது. 1964 வரையில் உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

அமெரிக்க உயர் நீதிமன்றம், விவாகமாகாத தந்தையை விசாரியாது பிள்ளைகளைப் பிரித்தல் தகாதெனத் தீர்ப்பளித்தது 1972இல். இலங்கையில் 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் கடமையைப் பெற்றோர் இருவர் மீதும் வைத்தது. 2003ஆம் ஆண்டின் திருத்தம் தந்தை என்னும் சொல்லை நீக்கிப் பெற்றோருள் எவரும் பிரசாவுரிமையைக் கையளிக்கலாமென ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி தலைமன்னாரிற் கப்பலேறியோர் அதற்கு நெடுநாள் முன்னரே தமிழகம் சேர்ந்துவிட்டனர்.